மன்னித்த பின்னும் மகன் வரவில்லையே!

 

அஞ்சுகிராமத்தில் ஒருநாள் இஷாத் தொழுகை முடிந்ததும் ஒரு பெரியவர் என்னருகில் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத்! என் மகன் அவன் உம்மாவின் நகையை வாங்கி அடகு வைத்து வியாபாரம் செய்தான். எல்லாம் போய்விட்டது. நான் மன்னித்துவிட்டேன். ஆனாலும் இரண்டு பெருநாளாக அவன் வீட்டுக்கு வரவில்லை. இனி நான் என்ன செய்ய?" என்றார்.

"அந்த நகையைப் பற்றி அவனிடம் கடைசியாக எப்போது பேசினீர்கள்?" என்று கேட்டேன். பெரியவர் தலைகுனிந்தார். "அவன் வரும்போதெல்லாம் பேசியிருக்கிறேன்" என்றார்.

அவர் மன்னித்தது பொய்யல்ல. ஆனால் எந்த மன்னிப்பு?

தமிழில் நாம் மன்னிப்பு என்று ஒரே சொல்லால் சொல்வதை அரபி மொழி பிரித்துக் காட்டுகிறது. அஃப்வு, ஸஃப்ஹு, மஃக்ஃபிரத் என்னும் மூன்றையும் வல்ல அல்லாஹ், தகாபுன் என்னும் 64-ஆம் அத்தியாயத்தின் 14-ஆம் வசனத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கிறான். அது யாரைப் பற்றிய வசனம் தெரியுமா? மனைவி மக்களைப் பற்றியது! மக்காவில் இஸ்லாத்தை ஏற்ற சிலரை ஹிஜ்ரத் செய்யவிடாமல் குடும்பத்தார் தடுத்தனர். பின்னர் மதீனா வந்தவர்கள், தங்களுக்கு முன் வந்தோர் மார்க்க அறிவில் முந்திவிட்டதைக் கண்டு, மனைவி மக்களைத் தண்டிக்க எண்ணினர். அப்போது இறங்கியதே இவ்வசனம் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்ததாகத் திர்மிதீயில் வந்துள்ளது.

அஃப்வு என்பதில் அழித்தல் என்னும் பொருள் உண்டு. மணலில் பதிந்த காலடித் தடத்தைக் காற்று அழிப்பதற்கும் அரபிகள் இச்சொல்லையே சொல்வர். நம் பக்கத்து ஆடிக் காற்றை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்டிக்க உரிமை இருந்தும் விட்டுவிடுவது அஃப்வு.

ஸஃப்ஹு அதற்கும் மேலான படி. குத்திக் காட்டுவதையும் விட்டுவிடுவது என்று இமாம் ராகிப் இஸ்ஃபஹானீ (ரஹ்) தம் முஃப்ரதாத் நூலில் விளக்குகிறார்கள். தண்டிக்காமல் விட்டவரும் சொல்லிக்காட்டுவதை விடாமல் இருக்கலாம் அல்லவா? பெரியவர் நின்றுவிட்ட இடம் இதுதான்!

மஃக்ஃபிரத் என்பது மூடி மறைத்தல். ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றியன்று நாயகம் (ஸல்) அவர்கள் தலையில் அணிந்திருந்த கவசத்தின் பெயர் மிஃக்ஃபர். அதுவும் இதே வேரில் பிறந்த சொல். கவசம் தலையை மூடிக் காப்பதுபோல், பிறர் காதில் விழாமல் ஒருவருடைய குற்றத்தை மூடிக் காப்பது மஃக்ஃபிரத்.

யூசுஃப் நபி (அலை) அவர்களைப் பாருங்கள். தம்மைக் கிணற்றில் போட்ட சகோதரர்களிடம், இன்று உங்கள்மீது பழிச்சொல் இல்லை என்றார்கள். பின்னர் பெற்றோர் முன்னிலையில் அல்லாஹ்வின் அருளை எடுத்துச் சொன்னபோது, சிறையிலிருந்து விடுவித்ததைச் சொன்னார்கள், கிணற்றைச் சொல்லவில்லை! சகோதரர்கள் வெட்கப்படக் கூடாதென்றே அதை விட்டார்கள் என்பது விரிவுரையாளர்கள் கூறும் விளக்கம்.

அப்படியானால் மறுபடியும் நகையைத் தூக்கிக் கொடுக்க வேண்டுமா? இல்லை. அதே வசனம் மனைவி மக்கள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கும்படியும் சொல்கிறது. பெட்டியைப் பூட்டி வைப்பது எச்சரிக்கை. வாய்க்கு வாய் சொல்லிக்காட்டுவது தண்டனை.

நம் வீடுகளிலும் ஒரு நுட்பம் உண்டு. பொறுத்துக்கொண்டேன் என்பதில் பாரம் இன்னும் தோளில் இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்கிறாரே, அதில் பாரம் இறங்கி மனமும் இசைந்துவிடுகிறது. பெரியவர் பொறுத்திருந்தார்; இன்னும் பொருந்தவில்லை.

"இன்றே மகனைக் கூப்பிடுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். நகையைப் பற்றி இனி வாய் திறக்காதீர்கள், சொந்தக்காரர் கேட்டாலும் மூடிவிடுங்கள்" என்றேன். நீண்ட நேரம் பேசாமலிருந்து, கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

நம் குற்றங்களையும் அல்லாஹ் மஹ்ஷரில் எல்லார் முன்னும் விரித்துவிடாமல் மூடவேண்டும் என்றுதானே கேட்கிறோம்? வீட்டில் உள்ளவர்களுக்கு நாம் மூடியிருக்கிறோமா? அந்த மூன்று படிகளையும் ஏறிட வல்ல ரஹ்மான் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.