மொழிக்குப் பழி தீர்க்கலாமா?

விளையாட்டு என்றால் சடுகுடுவும் பல்லாங்குழியும் என்று வளர்ந்த தலைமுறையினர் நாம். கணினித் திரையில் துப்பாக்கி வெடிக்கும் விளையாட்டுகளை வீண்பொழுது என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். கரமனையில் உள்ள நம் இல்லத்தில், கல்லூரியில் பயிலும் பெயரன் ஒருநாள் அத்தகைய விளையாட்டு ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டு, "தாத்தா, இந்த வில்லன் சொல்வது சரிதானே?" என்று கேட்டான். அவ்வினாவுக்கு அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. அதனையே இம்மலரில் சங்கத்து அன்பர்கள் முன் வைக்கிறோம்.

ஜப்பானியரான ஹிடியோ கோஜிமா படைத்து, 2015ஆம் ஆண்டில் வெளிவந்த 'மெட்டல் கியர் சாலிட் 5: தி ஃபாண்டம் பெயின்' என்பது அவ்விளையாட்டின் பெயர். கதை 1984இல் ஆப்கானிஸ்தானத்திலும் ஆப்பிரிக்காவிலும் நிகழ்கிறது. அதில் வரும் 'ஸ்கல் ஃபேஸ்' என்னும் கொடியவன் கிழக்கு ஐரோப்பாவின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன். படையெடுத்து வந்த அந்நியர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியை அவன்மேல் சுமத்தினர். மொழி மாறுந்தோறும் தன் எண்ணமும் இயல்பும் மாறிப்போயின என்பது அவனது குமுறல். ஆதலால் உலகையே ஆளும் ஆங்கிலத்தை ஒழிக்கத் துணிகிறான். குறிப்பிட்ட ஒரு மொழியைப் பேசுவோரின் குரல்நாணில் மட்டும் பெருகி உயிர் குடிக்கும் ஒட்டுண்ணியே அவன் கருவி. ஆங்கிலம் பேசுவோர் மாளவேண்டும், அல்லது ஊமையராக வேண்டும்.

இவன் துயரம் பொய்யன்று. அக்கதையிலேயே நவஹோ இனத்து முதிய அறிஞர் ஒருவர் வருகிறார். அமெரிக்காவின் விடுதிப் பள்ளிகளில் பழங்குடிச் சிறுவர்கள் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டது மெய்யான வரலாறு. அதே நாட்டின் படைதான் இரண்டாம் உலகப் போரில் நவஹோ மொழியை இரகசியச் செய்தி அனுப்பப் பயன்படுத்திக்கொண்டது! சிறுவனின் வாயில் குற்றமாக இருந்த மொழி, போர்வீரனின் வாயில் ஆயுதமாயிற்று. இதனை அறிந்தவர் எவரும் அக்கொடியவனின் குமுறலை எள்ளி நகையாடார்.

ஆயினும் அவன் செய்யத் துணிந்தது என்ன? ஆங்கிலம் பேசுவோரில் ஆண்டவன் மட்டுமா இருக்கிறான்? அடிமையாய் இருந்து கற்றவனும் இருக்கிறான். ஆங்கிலத்தின்மீது தொடுத்த அக்குற்றச்சாட்டையே நம் பெயரன் ஆங்கிலத்தில்தான் கேட்டான். வேறு எம்மொழியில் கேட்டிருப்பான்? கதையில் 'குவைட்' என்றொரு பெண் வருகிறாள். ஆங்கில ஒட்டுண்ணியைத் தன்னுள் சுமப்பவள். தான் ஆங்கிலம் பேசினால் நோய் பெருகும் என்று வாய் திறவாமல் வாழ்கிறாள். நவஹோ முதியவரோடு மட்டும் அவர் மொழியில் பேசுகிறாள். இறுதியில் தன் அன்புக்குரியவனின் உயிர் காக்க அந்த ஆங்கிலத்தையே பேசிவிட்டு, எவர்க்கும் தீங்கு நேராவண்ணம் அகன்றுபோகிறாள். வில்லனின் நீண்ட சொற்பொழிவைவிட இவளுடைய ஒரு நிமிடப் பேச்சு நம் நெஞ்சைத் தொட்டது.

இதனை நமக்குப் பொருத்திப் பார்ப்போம். 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவனந்தபுரத்துத் தமிழர் இங்கேயே தங்கினர். 2017இல் கேரள அரசு பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கிச் சட்டம் இயற்றியபோது நம்மவர் பலர் கவலையுற்றனர். அக்கவலை இயல்பே. ஆனால் அச்சட்டத்தின் பின்னால் இருந்தது, தம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கரைந்துபோகிறார்களே என்ற மலையாளிகளின் கவலையன்றோ? நம் கவலையும் அவர்கள் கவலையும் ஒரு தாய் மக்கள்.

நம்மிடமும் வேறொரு முகம் உண்டு. இந்நகரின் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராய் விளங்கிய சுந்தரம் பிள்ளை 1891இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். அதன் வாழ்த்துப்பாவை 1970இல் தமிழக அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றபோது, மலையாளம் உள்ளிட்ட மொழிகள் தமிழின் வயிற்றில் உதித்தன என்றும், ஆரிய மொழி வழக்கொழிந்தது என்றும் சொல்லும் அடிகளை விட்டுவிட்டது. அடிகளை வெட்டியது தகுமா என்று இன்றும் வாதிடுவார் உளர். முதல் வரிசையில் மலையாள நண்பர்கள் அமர்ந்திருக்கும் நம் சங்க மேடையில் நின்று நினைத்துப் பார்த்தால், வெட்டியது நன்றே என்று நமக்குத் தோன்றுகிறது. இன்னொரு மொழியின் இறப்பைச் சொல்லித் தமிழை வாழ்த்த வேண்டுவதில்லை.

இனி, மொழி நம் வீட்டில் எவ்வாறு தேய்கிறது என்பதைச் சொல்லவேண்டும். டொராண்டோ நகரின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'வெண்பா' என்னும் விளையாட்டில் துப்பாக்கி இல்லை. இட்லித் தட்டு இருக்கிறது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதியரின் கதை அது. தாய் தந்த சமையற் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். மகன் கவின் மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்குள் போய்விடுகிறான். 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. அக்கதையில் வில்லனே இல்லை. பெற்றோர் பிள்ளையின் நலத்தையன்றி வேறொன்றும் நாடவில்லை.

நாமும் அதையே செய்தோம். நம் மகனைப் பள்ளியில் சேர்த்தபோது தமிழை இரண்டாம் மொழியாகக்கூடக் கேட்டு வாங்கவில்லை. மதிப்பெண் குறையுமே என்ற அச்சம். எவரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒட்டுண்ணி எதுவும் நம் தொண்டையில் புகவில்லை. இதே ஊரில் பள்ளியில் மலையாளம் பயின்ற ஆ. மாதவன், சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவைத் தமிழில் கதைகளாக எழுதினார். ஆகவே சூழலின்மேல் முழுப் பழியையும் போடவும் நமக்கு வாய் வரவில்லை. இன்று பெயரனுக்குத் தமிழ் பேச்சளவில் தெரியும்; எழுத்துக் கூட்டிப் படிக்கவும் இயலாது.

சென்ற மாதம் அவன் அந்த இரண்டாவது விளையாட்டையும் ஆடி முடித்தான். முதல் வினாவுக்குரிய விடையைச் சொல்லலாம் என்று நாம் அருகில் சென்று அமர்ந்தோம். அவனோ வில்லனை மறந்துவிட்டிருந்தான். "வெண்பா என்பது அந்த அம்மாவின் பெயர் மட்டும்தானா?" என்று கேட்டான். பாவகையுள் ஒன்று என்றோம். மற்ற அடிகளுக்கு நான்கு சீர், ஈற்றடிக்கு மூன்று என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினோம். கடைசி அடியில் ஏன் ஒன்று குறைகிறது என்று மலையாளத்தில் கேட்டான். நாம் தமிழில் விளக்கத் தொடங்கினோம். உள்ளிருந்து சாப்பிட அழைக்கும் வரை அது முடியவில்லை.