உருக்கிய பிறகும் அதே தாலியா?

தேய்ந்த தாலியை மாற்ற வருகிறவர்களிடம் நகைக்கடையில் முதலில் பார்ப்பது எடையைத்தான். அரக்கு, கல், பற்றவைத்த பொடி எல்லாம் கழித்து, மாற்று பார்த்து, அன்றைய விலை போடுவார்கள். வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்ப வராது. உமியோட்டின் முன் குனிந்து ஆசாரி ஊதிய ஊத்து, கெட்டிமேளம், அட்சதை எதுவும் அந்தக் கணக்கில் சேராது.

தராசுக்கு வேதாந்தத்தின் துணை உண்டு. ஒரு பொன்கட்டியை அறிந்தவன் பொன்னால் ஆன அத்தனையையும் அறிந்தவன், மற்றதெல்லாம் பெயர் வேறுபாடு என்று சாந்தோக்கிய உபநிடதத்தின் 6-ஆம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்கிறார். தர்க்க மரபினரான நியாய-வைசேஷிகர்கள் ஒப்பமாட்டார்கள். அவர்களுக்குப் பழைய நகை அழிந்தது அழிந்ததுதான், வந்திருப்பது புதுப் பொருள். சமண அறிஞர் சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையில் இதற்கொரு காட்சி வைக்கிறார். பொற்குடத்தை அழித்து மகுடம் செய்கிறார்கள். குடம் வேண்டியவன் வருந்துகிறான், மகுடம் வேண்டியவன் மகிழ்கிறான், பொன் வேண்டியவனுக்கு எல்லாம் ஒன்றே. மூவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அரசாங்கம், தெரிந்தோ தெரியாமலோ, வைசேஷிகர் கட்சி. 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு வேண்டும். உருக்கினால் அந்தக் குறியீடும் போயிற்று. (2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு, எனவே குட்டித் தாலிகள் தப்பிக்கும்.)

வீட்டுப் பெண்கள் இவர்கள் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. கஷ்டகாலத்தில் தாலி அடகுக்குப் போனால் மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொள்கிறார்கள். அதுவும் தாலிதான், ஊரும் ஏற்றுக்கொள்கிறது. உத்தாலகர் பெயரைத் தள்ளிப் பொன்னை வைத்துக்கொண்டார். இவர்கள் பொன்னை அனுப்பிவிட்டுப் பெயரைக் கழுத்தில் வைத்துக்கொண்டார்கள். ஆடிப் பதினெட்டுக்குக் கயிற்றையும் மாற்றிவிடுகிறார்கள். என் பார்வையில், உபநிடதத்துக்கு இதைவிடத் துணிச்சலான மறுப்பு எந்தத் தர்க்க நூலிலும் கிடைக்காது.

உருக்குவதும் எப்போதும் அழிவு இல்லை. யாழ்ப்பாணத்தில் கல்யாணச் சடங்குகளே பொன்னுருக்கில்தான் சூடுபிடிக்கின்றன. நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், உறவினர் சூழ, ஆசாரி பொற்காசை உருக்குவார். தாலி அந்தப் பொன்னில் செய்வது.

இவ்வளவு தெளிவு இருந்தும், பழைய தாலியைக் கடை மேசையில் விட்டுவரப் பலருக்குக் கை வராது. அதில் குன்றிமணி அளவாவது புதியதில் சேரவேண்டும் என்று கேட்கிற வீடுகள் உண்டு. குடம் வேண்டியவனும் பொன் வேண்டியவனும் அங்கே ஒரே ஆள். பழைய பொன்னை மொத்தமாக உருக்க அனுப்பும் பெரிய கடைகளில் இந்தக் கோரிக்கைக்கு வழி கிடையாது. தெரிந்த ஆசாரியைத் தேடிப்போய், மூசையில் பொன் இளகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்து வாங்கி வருகிறார்கள்.