ஒன்றரை ஆள்

உங்கள் அலுவலகத்திலும் அவர் நிச்சயம் இருப்பார். 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவர். மூன்று ப்ராஜெக்ட் மேனேஜர்கள் தனித்தனியாக வந்து, "உங்க பாதி நேரம் குடுத்தா போதும் சார்" என்பார்கள். மூன்று அரை, ஒன்றரை ஆள். சம்பளம் என்னவோ ஒரு ஆளுக்குத்தான்.

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் போன்ற மென்பொருளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால் அவர் பெயரைச் சிவப்பில் காட்டும். 'லெவலிங்' செய்யச் சொன்னால், சில வேலைகளைத் தள்ளிவைத்து அவரை நூறு சதவீதத்துக்குள் அடக்கப் பார்க்கும். எதைத் தள்ளுவது? வேலைகளுக்கு 0 முதல் 1000 வரை முன்னுரிமை எண் உண்டு. சும்மா விட்டால் 500. 1000 போட்டால் அதை அசைக்காது. அப்புறமென்ன, மூன்று மேனேஜர்களும் 1000 போடுவார்கள்!

சரி, சிவப்பு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நியாயம் வந்துவிட்டதா?

முதலில் அந்த நூறு சதவீதமே தப்பு. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங், 1909-ல் தொடங்கிவைத்த வரிசைக் கணிதம் ஒன்று இருக்கிறது. அதன் எளிய மாதிரிப்படி, முன்னறிவிப்பில்லாமல் வரும் வேலைகளைச் செய்பவர் 80 சதவீதம் பிஸி என்றால், புதிதாக வரும் வேலை, ஒரு வேலையை முடிக்க ஆகும் நேரத்தைப் போல சராசரியாக 4 மடங்கு காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95-ல் 19. நூறை நெருங்கினால் வரிசைக்கு முடிவே கிடையாது. ஆக, அவர் டீ குடிக்கும் நேரம் வீண் அல்ல. அதில்தான் மற்றவர்களின் அவசரம் பிழைக்கிறது.

இரண்டாவது, மென்பொருளுக்கு மணிக்கணக்கு தெரியும், மனுஷங்க தெரியாது. நன்றாகச் செய்பவருக்குப் பரிசு இன்னொரு வேலை. நழுவுகிறவருக்குப் பரிசு ஐந்தரை மணி பஸ். இருவருக்கும் சமமாக எட்டு மணி நேரம் என்று திரை சொன்னாலும், கஷ்டமானதெல்லாம் ஒருவர் தலையில்.

யோசித்தால், இது அட்டவணைப் பிரச்னையே இல்லை. மேலே இருப்பவர் வாடிக்கையாளரிடம் சொல்லவேண்டிய 'முடியாது'வைச் சொல்லாமல் விட்டார். அது உருண்டு உருண்டு, அதைச் சொல்லவே தெரியாத ஒருவர் மேஜையில் வந்து நிற்கிறது. அடுத்தவருடைய சாயங்காலத்தை வைத்து வாக்குக் கொடுப்பது, கேட்காமல் எடுத்த கைமாற்றுதான். மௌனம் சம்மதம் ஆகாது.

நீங்கள் மேனேஜராக இருந்தால், அடுத்தமுறை பெயர் சிவக்கும்போது பட்டனைத் தட்டாதீர்கள். அவரைக் கூப்பிட்டு, "இதுல எதை விடலாம்?" என்று கேளுங்கள்.

"எல்லாத்தையும் முடிச்சிடறேன் சார்" என்பார்.

நம்பாதீர்கள்.