பிடியரிசியும் செங்கல்லும்

கருப்பட்டிக்கு உடன்குடி என்ற பேர் போதும், வேறு விளம்பரம் வேண்டாம். அந்தப் பேருக்குப் பின்னால் உள்ள பாட்டைப் பார்க்க வேண்டுமானால் ஊரைத் தாண்டிச் செம்மணல் தேரிக்குள் போக வேண்டும். பனையேறி விடிவதற்கு முன்பே முதல் மரத்தில் இருப்பார். பாளையைச் சீவி, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி, இறக்கிய பதனீரைச் சுமந்துவந்து விடிலியில் சேர்ப்பார். அங்கே ஓலையைப் போட்டு அடுப்பெரிப்பது வீட்டுப் பெண்கள். பதனீர் நுரைத்துப் பொங்கி, நிறம் மாறிக் கூப்பனியாகும்போது அடுப்பை விட்டு ஒருவரும் நகரக்கூடாது. பதம் தப்பினால் சிரட்டையில் ஊற்றியது இறுகாது, அன்றைய ஏற்றம் முழுதும் வீண். சாயங்காலம் மறுபடியும் மரம்.

இந்த வேலைக்கு நடுவே பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப நேரம் ஏது? நேரம் கிடைத்தாலும் உள்ளே விடுவாரும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பனையேறிகளுக்குக் கோயில் வாசல் அடைப்பு. மேற்கே திருவிதாங்கூரில் எங்கள் நாடார் இனத்துப் பெண்கள் தோளை மறைத்துத் துணி போடும் உரிமைக்கே 1859 வரை அடிபட்டுப் போராட வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடம் மிஷன் வழியாக வந்தது. உடன்குடியைச் சுற்றியுள்ள ஊர்களின் பேர்களைச் சொன்னாலே அந்த வரலாறு தெரியும்: மெஞ்ஞானபுரம், நாசரேத், முதலூர், சாயர்புரம், இடையன்குடி. நாசரேத்தில் மர்காஷிஸ் பாதிரியார், தாது வருஷப் பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளை வைத்துக்கொண்டு 1878-இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். முதலில் கைக்கு ஒரு தொழில், அது இருந்தால் வயிறு பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

மூன்று வருஷம் கழித்து, 1881-இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற சிற்றூரில் ஏறக்குறைய இதே கணக்கோடு ஒரு பள்ளி தொடங்கியது. இன்று அது பல்கலைக்கழகம். அது பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. லூயிஸ் ஆடம்ஸ் என்பவர் அந்த ஊரில் தகரவேலை செய்த முன்னாள் அடிமை. வெள்ளைக்கார வேட்பாளர் ஒருவர் கறுப்பர்களின் ஓட்டு கேட்டு அவரிடம் வந்தார். ஆடம்ஸ் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை, ஒரு பள்ளிக்கூடம் கேட்டார். வேட்பாளர் வென்றார், சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். மாநிலம் ஆண்டுக்கு 2000 டாலர் ஒதுக்கியது. அது ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை.

தலைமையாசிரியராக வந்த புக்கர் டி. வாஷிங்டனும் அடிமையாகப் பிறந்தவர். கட்டடத்துக்கான செங்கல்லை மாணவர்களே அறுத்தார்கள். மூன்று சூளைகள் வரிசையாகக் கெட்டுப்போயின. கையில் காசு இல்லாமல் தன் கடிகாரத்தை அடகு வைத்து நாலாவது சூளையைப் போட்டார் அவர். அது வெந்தது. சுற்றியிருந்த வெள்ளைக்காரர்களும் பிறகு அங்கே செங்கல் வாங்க வந்தார்கள். அவர்கள் தேவையை நிறைவேற்றினால் மதிப்பார்கள், மதித்தால் உரிமை தானாக வரும் என்று வாஷிங்டன் நம்பினார். அரசியலை இப்போதைக்குத் தொடவேண்டாம் என்றே ஊருக்குச் சொல்லிவந்தார்.

அலபாமா என்ன செய்தது? ஓட்டுக்கு விலையாகப் பள்ளி கொடுத்த அதே மாநிலம், இருபது வருஷத்தில், 1901-இல் எழுதிய புதிய அரசியல் சட்டத்தால் அந்த ஓட்டையே பிடுங்கிக்கொண்டது. வாசித்துக் காட்டு, எழுதிக் காட்டு, சொத்தைக் காட்டு என்று வரிசையாக நிபந்தனை. டஸ்கீகியில் பாடம் நடத்திய பேராசிரியர்களே அந்த வாசிப்புச் சோதனையில் தேறவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். சில சமயம் பேர் பதியும் அதிகாரிகள் இருக்கைக்கே வரமாட்டார்கள்.

படிப்பைக் கொடுத்தவன் அதற்கு ஓர் எல்லையும் போட்டுத்தான் கொடுக்கிறான். எங்கள் பக்கத்தில் அந்த எல்லை புத்தகமாக வந்தது. இடையன்குடியில் ஐம்பது வருஷம் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல் 1849-இல் எங்கள் சாதியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். இலங்கையிலிருந்து வந்தவர்கள், மந்த புத்திக்காரர்கள் என்ற தோரணை. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதியவரும் அவர்தான். அதற்காக மெரினாவில் சிலை வைத்தோம், வைக்க வேண்டியதுதான். ஆனால் அவர் பள்ளிகளால் எழுத்துக் கூட்டப் பழகியவர்கள் ஒருநாள் அந்த நூலையும் எடுத்து வாசித்துவிட்டார்கள். கொதித்துப்போனார்கள். மிஷனிலேயே படித்து உபதேசியாராக இருந்து, பாதிரியாரோடு மோதி வெளியே வந்த அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை அவர்களில் ஒருவர். 1857-இல் நாசரேத்தை ஒட்டிய பிரகாசபுரத்தில், வெள்ளைக்காரப் பாதிரியார் நிழலே படாமல், சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்துத் தனிச் சபை கண்டார். கால்டுவெல்லுக்குப் பதிலும் எழுதினார்.

டஸ்கீகியிலும் அதே கதைதான், நூறு வருஷம் தள்ளி. 1957-இல் அலபாமா சட்டமன்றம் ஒரு வேலை செய்தது. சதுரமாக இருந்த டஸ்கீகி நகர எல்லையை வெட்டி வெட்டி இருபத்தெட்டுப் பக்கம் கொண்ட ஓர் உருவமாக்கியது. ஊரில் ஓட்டு வைத்திருந்த சுமார் 400 கறுப்பர்களில் நாலைந்து பேரைத் தவிர எல்லாரும் ஒரே இரவில் ஊருக்கு வெளியே. வெள்ளைக்காரர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. யார் வழக்குப் போட்டது தெரியுமா? அரசியல் வேண்டாம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட அதே கல்லூரியின் சமூகவியல் ஆசிரியர், சார்லஸ் கோமில்லியன். 1960-இல் உச்ச நீதிமன்றம், கறுப்பர்களின் ஓட்டைப் பறிக்க அப்படி எல்லை போடுவது செல்லாது என்றது. சூளைக்குச் செங்கல் அறுத்த கையின் வாரிசு சட்டத்தையும் அறுக்கும் என்று 2000 டாலர் ஒதுக்கியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குப் பெருமை மட்டும்தான். இதற்கு மேல்தான் சங்கடம்.

இந்தத் தேரியிலிருந்து வடக்கே வியாபாரத்துக்குப் போனவர்கள் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் என்று பேட்டை போட்டார்கள். சரக்குக்கு இத்தனை என்று மகமை வாங்கிப் பொதுப்பணம் சேர்த்தார்கள். விருதுநகரில் 1889-இல் பள்ளி தொடங்கினார்கள். உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பது, அதைச் சேர்த்து விற்றுப் பள்ளிக்குக் கொடுப்பது. மாநிலமும் இல்லை, மிஷனும் இல்லை, பானைக்குள் போகவேண்டிய அரிசியில் எழுந்த பள்ளி. காமராஜர் அங்கே படித்தார். பாதியில் நின்றார். பிறகு முதலமைச்சராகி, எட்டயபுரத்தில் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டார். பிடியரிசியில் படித்தவருக்கு வயிற்றுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பள்ளிக்கு வைத்த பேர் க்ஷத்திரிய வித்யாசாலை. கால்டுவெல்லுக்குச் சட்டம்பிள்ளை எழுதிய பதிலின் சாரமும் அதுதான்: நாங்கள் தாழ்ந்தவர்கள் இல்லை, ஆண்ட பரம்பரை. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் எங்களவர் பதினைந்து பேர் நுழைந்தார்கள். ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி தரப்பு வழக்குப் போட்டது. எங்கள் வக்கீல்கள் பாண்டியர் வாரிசு என்று வாதாடினார்கள். மதுரையில் தோற்று, சென்னையில் தோற்று, லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908-இல் அங்கேயும் தோற்றார்கள். நடுவில் 1899-இல் சிவகாசிக் கலவரத்தில் எங்களவர் வீடுகள் எரிந்தன. அத்தனை மகமைப் பணமும் அத்தனை வாதமும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே: எங்களைத் தவறான வரிசையில் நிறுத்திவிட்டீர்கள், மேலே எடுத்து வையுங்கள். வரிசையே எதற்கு என்று அந்த வழக்கில் யாரும் கேட்கவில்லை.

அந்தக் கதவு எப்போது திறந்தது? 1939 ஜூலை 8-ஆம் தேதி, மதுரையில். காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் கூட்டிக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் தலித்துகள் ஐந்து பேர், நாடார் ஒருவர். பின்னாளில் அமைச்சரான கக்கன் அந்த ஐவரில் ஒருவர். அப்போது ராஜாஜி ஆட்சி, காங்கிரசின் காற்று, பின்னாலேயே சட்டம் வந்தது. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. ஆனாலும் என் மனசில் உறைப்பது வேறு. ஆண்ட பரம்பரை என்று தனியே போய் நின்றபோது லண்டன்வரை அடைத்திருந்த வாசல், யாரிடமிருந்து விலகி நிற்க அத்தனை வருஷம் பாடுபட்டோமோ அவர்களோடு சேர்ந்து நடந்தபோது திறந்தது.

மார்ட்டின் லூதர் கிங் 1965-இல் ஒரு பிரசங்கத்தில் சொன்ன சம்பவம் இங்கே பொருந்தும். ஜார்ஜியாவின் மோர்ஹவுஸ் என்ற கறுப்பர் கல்லூரியில் படித்து, பாஸ்டனில் டாக்டர் பட்டம் வாங்கியவர் அவர். 1959-இல் இந்தியா வந்தபோது, நம் கன்னியாகுமரிக்குப் பக்கத்து ஊரான திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த பள்ளிக்கு அவரை அழைத்துப் போனார்கள். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினார். கிங்குக்குச் சுருக்கென்றது. சற்றுக் கோபமும் வந்தது. பிறகு தன் நாட்டில் கறுப்பர்கள் எப்படி அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்து, ஆமாம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று ஏற்றுக்கொண்டார். அந்தச் சுருக்கை எனக்கு நன்றாகப் புரிகிறது. படித்து மேலே வந்த எல்லாருக்கும் அது இருக்கும். அதைத் தாண்டிய அடுத்த நிமிஷத்தில் அவர் சேர்ந்துகொண்ட இடம்தான் எங்களுக்குக் கைவர நாளானது.

இன்று இந்தப் பக்கத்தில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. காயாமொழிக்காரர் சி. பா. ஆதித்தனார் 1965-இல் திருச்செந்தூரில் தொடங்கிய கல்லூரியில் பனையேறி வீட்டுப் பிள்ளைகளும் மீனவர் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். சட்டம்பிள்ளை கால்டுவெல்லை வாசித்த மாதிரி, அந்தப் பிள்ளைகள் எங்களை வாசிப்பார்கள். எங்கள் கல்யாணப் பத்திரிகைகளையும், தெருவில் ஒட்டும் வீரவம்சப் போஸ்டர்களையும், அவர்கள் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே விட்டிருக்கும் காலி மனைகளையும் சேர்த்தே வாசிப்பார்கள். பதிலும் எழுதுவார்கள்.

கமுதி வழக்கை எங்கள் வீட்டில் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். சேதுபதி பேர், லண்டன் கோர்ட்டு, செலவான பணம் எல்லாம் தாத்தாவுக்கு மனப்பாடம். மதுரைக் கோயிலுக்குள் ஐந்து தலித்துகளோடு ஒரு நாடாரும் போனார் என்பதை நான் அந்தத் திண்ணையில் கேட்டதில்லை, பின்னால் ஒரு புத்தகத்தில்தான் படித்தேன்.