வேகமா சுத்துற சக்கரம்

போன கிருத்திகைக்குப் பழனி போற வழியில, கார்ல டயர் காத்து குறைவுன்னு மஞ்சள் விளக்கு எரிஞ்சது.

எங்க கார்ல டயருக்குள்ள சென்சார் கிடையாது. ஏபிஎஸ் சென்சார்கள் நாலு சக்கரத்தோட வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். காத்து குறைஞ்ச டயர் அமுங்கி, அதோட ஆரம் கொஞ்சம் குறையும். அதனால மத்ததைவிட வேகமா சுத்தும். அதை வெச்சுத்தான் கண்டுபிடிக்குது.

எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. ஆபீஸ்ல எல்லாரையும்விட வேகமா ஓடுறேன்னு பெருமைப்பட்டவன் நான். அம்மா போனை எடுத்தே பத்து நாளாச்சு.

விளக்கு எச்சரிக்கும், காத்து அடிக்காது. நிறுத்த வேண்டியது நாமதான். ஒட்டன்சத்திரத்துல நிறுத்தி காத்து அடிச்சேன். அம்மாகிட்ட பேசினேன். அப்புறம்தான் மலை ஏறினேன்.

உங்களுக்குள்ள முருகன் ஏத்தின விளக்கு எரியுதா? நிறுத்திப் பாருங்க.

வேலும் மயிலும் துணை!