டாலி ஆகாத கணக்கு

ஒழுங்காக வேலை செய்தால், உரியது வந்து சேருமா?

சின்னக் கேள்விதான். ஆனால், ஆபீஸில் புரமோஷன் கிடைக்காதவர் முதல் அபார்ட்மெண்ட் சங்கத்தில் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதிவிட்டுத் திட்டு வாங்கும் பொருளாளர் வரை எல்லோரையும் ராத்திரி தூங்கவிடாமல் பண்ணுகிற கேள்வி. பதில் தேடி நாம் கொஞ்சம் தூரம் போகலாம். அரபு தேசங்களுக்கு.

வருடம் 2002. மூன்று பேர். மூவரும் பொருளாதாரத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். மூவரும் தங்கள் ஆட்சியாளர்களிடம் வைத்த கோரிக்கை ஒன்றுதான்: 'கணக்கைக் காட்டுங்கள்.'

முதலாமவர், எகிப்தைச் சேர்ந்த நாடெர் ஃபெர்கானி. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் அந்த வருடம் வெளியிட்ட முதல் 'அரபு மனித வளர்ச்சி அறிக்கை'யின் தலைமை ஆசிரியர். 22 நாடுகள், 28 கோடி மக்கள், கணக்கில்லாத எண்ணெய்க் கிணறுகள். இவ்வளவும் சேர்ந்து 1999-ல் ஈட்டிய மொத்த உற்பத்தி, ஸ்பெயின் என்கிற ஒற்றை தேசத்தைவிடக் குறைவு என்று போட்டு உடைத்தது அறிக்கை. சுதந்திரம் போதவில்லை, அறிவு போதவில்லை, பெண்களுக்கு அதிகாரம் போதவில்லை என்று மூன்று பற்றாக்குறைகளைச் சுட்டியது. வெளியூர்க்காரன் சொன்னால் பொறாமை என்று தள்ளிவிடலாம். எழுதியவர்கள் அரபு அறிஞர்களே!

இரண்டாமவர், சிரியாவின் ஆரெஃப் தலீலா. டமாஸ்கஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத் துறையின் தலைவராக இருந்தவர். ஊழலைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 2001 செப்டம்பரில் பிடித்துக்கொண்டு போனார்கள். 2002 ஜூலையில் தீர்ப்பு: பத்து வருடச் சிறை. அறிக்கை வெளியான அதே மாதம். 2008-ல்தான் விட்டார்கள். உள்ளே இருந்த ஏழு வருடத்தில் பெரும்பகுதி தனிக் கொட்டடி.

மூன்றாமவர்தான் நம் கதாநாயகர். சலாம் ஃபயாத். பாலஸ்தீனர். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதார டாக்டர் பட்டம். பிறகு ஐ.எம்.எஃப். வேலை. 2001 வரை பாலஸ்தீனப் பகுதிகளில் அதன் பிரதிநிதி. அதாவது, மற்றவர்கள் எழுதிய கணக்கில் தப்பு கண்டுபிடிக்கிற உத்தியோகம். 2002 ஜூனில் அவரிடமே பெட்டிச் சாவியைக் கொடுத்தார்கள். 'நிதியமைச்சராக உட்கார்ந்து நீங்களே சரி பண்ணுங்கள்!'

ஒருவர் எழுதினார். ஒருவர் பேசினார். ஒருவர் உள்ளே போனார். 'வெளியே நின்று குறை சொல்வது சுலபம், இறங்கிச் செய்து பார்' என்று சவால் விடுகிறோம் அல்லவா? அதை ஏற்றுக்கொண்டு இறங்கியவர் ஃபயாத். அதனால்தான் அவர் கதை முக்கியம்.

உள்ளே என்ன இருந்தது? 1995-லிருந்து 2000 வரை சுமார் 90 கோடி டாலர் வருமானம் பட்ஜெட்டுக்கு வராமல் அதிபர் யாசர் அராஃபத்தின் கட்டுப்பாட்டில் இருந்த தனிக் கணக்குக்குத் திருப்பிவிடப்பட்டதாக 2003-ல் ஐ.எம்.எஃப். சொன்னது. அதில் பெரும்பகுதி வியாபாரங்களில் முதலீடாகப் போயிருந்தது. ஆனால், மக்களுக்கு வர வேண்டிய பணத்துக்கு மக்கள் பார்க்கிற கணக்கு கிடையாது. பாதுகாப்புப் படைக்காரர்களின் சம்பளமோ, ரொக்கமாகத் தளபதிகள் கைக்குப் போய், அங்கிருந்து விநியோகம் ஆகும். பட்டியலில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் நிஜமாக இருக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு பிடித்தம்... தளபதிக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம்.

ஃபயாத் செய்தது புரட்சி கிடையாது. சுத்தமான குமாஸ்தா வேலை. சிதறிக் கிடந்த வருமானத்தை ஒரே கஜானாக் கணக்குக்குக் கொண்டுவந்தார். பட்ஜெட்டை இன்டர்நெட்டில் போட்டார், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று. மூலைக்கு மூலை இருந்த அரசு முதலீடுகளை ஒரு நிதியத்துக்குள் கொண்டுவந்து தணிக்கைக்கு அனுப்பினார். 2004 வாக்கில் படைவீரர்களின் சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுக்க வைத்தார்.

கடைசி வேலை சாதாரணமாகத் தெரியும். யோசித்துப் பாருங்கள். நேற்று வரை தளபதி வீட்டு வாசலில் கை கட்டி நின்று சம்பளம் வாங்கிய கான்ஸ்டபிள், இன்று வங்கி வரிசையில் நிமிர்ந்து நிற்கிறார். அவருக்குப் படியளப்பது ஆள் அல்ல, அரசாங்கம். ஒரு ரொக்கக் கட்டை நிறுத்தினால் ஒரு குட்டி ராஜாவின் ராஜ்ஜியம் போய்விடும்!

மக்கள் கொண்டாடினார்களா? 2006 தேர்தலில் ஃபயாத்தின் கட்சி 132 இடங்களில் வென்றது இரண்டு. ஹமாஸ் வென்றது 74.

அடுத்த வருடம் ஜூனில் காசா ஹமாஸ் வசம் போனது. அதிபர் மஹ்மூத் அப்பாஸ், ஃபயாத்தைப் பிரதமராக நியமித்தார். அவருடைய ஆட்சி செல்லுபடியானது மேற்குக் கரையில் மட்டும். அதிலும் சுமார் 60 சதவிகித நிலம் இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில். இந்த லட்சணத்தில் 2009 ஆகஸ்டில் அவர் ஒரு திட்டம் போட்டார். 'நாடு கொடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு வருடத்தில் ஒரு நாட்டுக்கு வேண்டிய நிர்வாகத்தை நாமே கட்டி முடிப்போம். அப்புறம் உலகம் எந்த முகத்தோடு மறுக்கும்?' என்பதுதான் அதன் சாரம்.

கட்டினார். 2011 ஏப்ரலில் ஐ.எம்.எஃப்., உலக வங்கி, ஐ.நா. எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே குரலில் சொன்னார்கள்: ஒரு சுதந்திர நாட்டை நடத்துகிற தகுதி இந்த நிர்வாகத்துக்கு வந்துவிட்டது. பரீட்சையில் டிஸ்டிங்ஷன்.

நாடு கிடைத்ததா? கிடைக்கவில்லை.

1994-ல் பாரிஸில் போட்ட ஒப்பந்தப்படி, பாலஸ்தீனத்துக்குள் வரும் இறக்குமதிகளுக்கான சுங்கத்தையும் வரிகளையும் வசூலித்துக் கொடுப்பது இஸ்ரேல். மொத்த வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த வழியாகத்தான் வர வேண்டும். 2011-ல் யுனெஸ்கோ பாலஸ்தீனத்தை உறுப்பினராகச் சேர்த்தது, பணம் நின்றது. 2012 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை 138 ஓட்டுகளோடு பார்வையாளர் நாடு என்று அங்கீகரித்தது, மறுபடி நின்றது. இரண்டுக்கும் நடுவில், 2012 செப்டம்பரில் விலைவாசி ஏறியது, சம்பளம் தள்ளிப்போனது, ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். ஃபயாத்தின் உருவபொம்மையை எரித்தார்கள். 2013 ஏப்ரலில் ராஜினாமா.

கதை அங்கேயும் முடியவில்லை. 2017-ல் லிபியாவுக்கான ஐ.நா. தூதராக அவரை நியமிக்க விரும்பினார் பொதுச்செயலாளர் குட்டெரெஸ். அமெரிக்கா தடுத்துவிட்டது. ஆளின் திறமையில் குறை சொல்லவில்லை. பாலஸ்தீனத்தை நாங்கள் நாடாக அங்கீகரிக்கவில்லை, ஐ.நா. அந்தப் பக்கமே சாய்கிறது... இவைதான் சொன்ன காரணங்கள்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு பாடம் ஞாபகம் இருக்கும். இருப்பாய்வு என்கிற டிரையல் பேலன்ஸ். பற்றும் வரவும் டாலி ஆகிவிட்டால் 'அப்பாடா' என்றிருக்கும். வாத்தியார் விட மாட்டார். 'டாலி ஆனாலே கணக்கு சரி என்று அர்த்தமில்லை. விடு பிழை இருக்கலாம், விதிப் பிழை இருக்கலாம். டாலி அதைக் காட்டிக்கொடுக்காது' என்பார்.

ஃபயாத்தின் கணக்கில் அப்படி ஒரு விடு பிழை உண்டு. பூதக்கண்ணாடி தேவையில்லாத அளவுக்குப் பெரிய பிழை. அவர் பிரதமரான பிறகு பாலஸ்தீன நாடாளுமன்றம் இயங்கவே இல்லை. ஆணை மேல் ஆணையாகப் போட்டு நடந்த ஆட்சி அது. பட்ஜெட் தயாரானது, அதைக் கிழித்துக் கேள்வி கேட்க ஓட்டு வாங்கிய உறுப்பினர்கள் இல்லை. உதவி கொடுத்த நாடுகளுக்கு மணி மணியாக அறிக்கை போனது. வரி கட்டிய ஜனங்களுக்கு, 'இந்த ஆளை மாற்ற வேண்டும்' என்று சொல்ல ஓட்டுப்பெட்டி இல்லை. கணக்குக் காட்டுவது நல்ல விஷயம்தான். யாரிடம் காட்டுகிறோம் என்று ஒன்று இருக்கிறதே! அவருடைய நேர்மையைப் பாராட்டுகிறவர்கள் இதை வசதியாகத் தாண்டிப் போகக் கூடாது. ஃபெர்கானியின் அறிக்கை முதலில் எழுதிய பற்றாக்குறை சுதந்திரம்தான்.

அப்படியானால் மனுஷர் முட்டாளா? ஊரே கொள்ளையடிக்கும்போது ஒருத்தர் மட்டும் லெட்ஜர் எழுதி என்ன ஆச்சு?

இங்கேதான் நாம் எல்லோரும் ஒரு பதிவைத் தப்பான பக்கத்தில் எழுதுகிறோம். இருப்புநிலைக் குறிப்பில் இரண்டு பக்கம். ஒன்று சொத்துகள். இன்னொன்று பொறுப்புகள். நாம் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியதற்குத் தமிழ்ப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் 'பொறுப்பு'. எவ்வளவு பொருத்தமான வார்த்தை! நேர்மையை நாம் சொத்துப் பக்கத்தில் எழுதுகிறோம். முதலீடு மாதிரி. என்றைக்காவது வட்டியோடு திரும்பி வரும் என்று. வராதபோது, 'நேர்மை செல்லாக்காசு' என்று புலம்புகிறோம்.

ஃபயாத்தின் திட்டமும் அப்படி விற்கப்பட்ட முதலீடுதான்: 'நல்ல நிர்வாகம் போடுங்கள், நாடு வரும்.' அந்தக் கணக்கு பொய்த்தது. ஏனென்றால், நாடு கொடுக்கிறவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. 2025 செப்டம்பரில் பிரான்ஸும் பிரிட்டனும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் பாலஸ்தீனத்தை அங்கீகரித்தன. அவர்களை நகர்த்தியது காசாவின் அழிவு. 2011-ல் வாங்கிய டிஸ்டிங்ஷன் அல்ல.

ஆனால் அந்த கான்ஸ்டபிளின் சம்பளம்? அது யாருக்கும் போட்ட முதலீடு இல்லை. அவருக்குத் தர வேண்டிய பாக்கி. இஸ்ரேல் என்ன செய்தாலும், அமெரிக்கா என்ன நினைத்தாலும், தளபதியின் கையைத் தாண்டி அவரிடம் போய்ச் சேர வேண்டிய பாக்கி. அந்தப் பாக்கியைத் தீர்த்த அளவில் ஃபயாத் ஜெயித்தார். ஓட்டுப் போடும் உரிமை என்கிற பாக்கியைத் தீர்க்காத அளவில் தோற்றார். இரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்துவிட முடியாது. தனித்தனிப் பதிவுகள்.

ஆரெஃப் தலீலாவுக்கும் இது பொருந்தும். ஏழு வருடத்தைக் கொடுத்து அவர் என்ன வாங்கினார் என்று கேட்டால், பதில் இல்லை. மாணவர்களுக்கு என்ன பாக்கி வைத்திருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். உண்மை. அதைத் தீர்த்துவிட்டார்.

2024 மார்ச் கடைசியில் பாலஸ்தீனத்துக்குப் புதிய பிரதமர் பதவி ஏற்றார். முகமது முஸ்தஃபா. பொருளாதார நிபுணர், முன்னாள் உலக வங்கிக்காரர். அவருக்கு இட்ட கட்டளை: சீர்திருத்தம். அவர் உட்கார்ந்தபோதே வரிப்பணத்தில் ஒரு பகுதி இஸ்ரேலிடம் நின்றிருந்தது, அரசு ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் இல்லை. அதே நாற்காலி, அதே லெட்ஜர்.

சம்பளம் எப்போது வரும் என்று கேட்டு வாசலில் நிற்கிற வாத்தியாருக்கு, முதலில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.