புகையும் நெருப்பும் பிசிஆரும்

பிசிஆர் சோதனையில் கொரோனா வைரஸை யாரும் பார்ப்பதில்லை. மூக்குச் சளியிலுள்ள ஆர்என்ஏ முதலில் டிஎன்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது. வைரஸுக்கே உரிய சிறு துண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கிறது. 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். கருவி காண்பதோ ஒளிர்வை மட்டுமே. ஆகவே ‘பாசிட்டிவ்’ என்பது பழந்தருக்கம் வகுத்த அளவை நூலார் சொன்ன காட்சி (நேரில் காண்பது) அல்ல, கருதல்; புகை கண்டு நெருப்பை அறிவது. நெருப்பு அணைந்த பின்னும் புகை சற்றுத் தங்கும். பிறருக்குத் தொற்றும் நிலை கடந்த சிலரிடம் வாரக்கணக்கில் ஆர்என்ஏ கிடைத்தது அப்படித்தான். சோதனை பொய் சொல்லவில்லை; துண்டு இருக்கிறது என்றது. உயிர்ப்புள்ள வைரஸ் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டது நாம்.

அப்படியானால் கண்ணால் கண்டதையே நம்பலாமே என்பார் காட்சியை மட்டுமே ஏற்கும் உலகாயதர். ஆனால் வைரஸைக் காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கி தரும் உருவமும் கருவி கட்டித்தந்ததுதான். அங்கும் கருதல் நுழைந்துவிடுகிறது. இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம்: துண்டு ஆய்வகத்திலேயே கலந்திருந்தால்? நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்று காட்டச் சொன்ன பழைய தருக்கத்தார், நீர்நிலையைச் சான்றாக வைத்தார்கள். ஆய்வகமும் (தற்செயல்தான்) சளி மாதிரிகளோடு வெறும் நீரையும் சோதிக்கிறது. அந்த நீர் ஒளிர்ந்தால் அந்தத் தொகுதியின் பாசிட்டிவ் முடிவுகளை ஏற்பதில்லை. சோதனை மறுபடி தொடங்கும்.